எரிந்ததும் எழுந்ததும்: ஜப்பானில் காண வேண்டிய இடங்கள்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்லும் மலேசிய, சிங்கப்பூர்ப் பயணிகளில் பலர் கியோத்தோ நகரின் பொற்கோயிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குளக்கரையில் நின்று, தண்ணீரில் விழும் தங்க நிழலோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஷோகுன் யோஷிமிட்சு எழுப்பிய மாளிகை என்று வழிகாட்டி சொல்வார். அது உண்மைதான். ஆனால் கண்முன் நிற்கும் கட்டடத்தின் வயது அதுவன்று. அது 1955ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

1950 ஜூலை 2ஆம் தேதி அதிகாலையில், அக்கோயிலிலேயே பயின்றுவந்த இளம் துறவி ஒருவர் அதற்குத் தீ வைத்தார். யுகியோ மிஷிமா 1956இல் எழுதிய புகழ்பெற்ற நாவலுக்கு அந்தச் சம்பவமே கரு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்ப்புக்காகக் கட்டடத்தைப் பிரித்தபோது விரிவாக அளந்து வரைபடங்கள் எடுத்து வைத்திருந்தனர். அவை இருந்ததால்தான் மாளிகையைப் பழைய வடிவிலேயே எழுப்ப முடிந்தது. பின்னர் தங்க முலாம் உரியத் தொடங்கவே, 1987இல் முன்னதைவிடத் தடித்த தங்கத் தகட்டைப் பூசினர்.

அப்படியானால் நகலைப் பார்க்கத்தானா இவ்வளவு செலவு செய்து போவது என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஜப்பானியர் கல்லைவிட மரத்தையே நம்பிக் கட்டினார்கள். காடு வளம் மிக்க நாடு. நிலநடுக்கத்தில் மரச்சட்டம் ஓரளவு வளைந்து கொடுக்கும். ஆனால் தீயிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஆகவே எரிவதும் மறுபடி கட்டுவதும் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. கருவியைப் பிடிக்கும் கைத்திறன் தலைமுறைக்குத் தலைமுறை தொடர்ந்தால் கட்டடமும் தொடர்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

கியோத்தோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நாராவை அடையலாம். அங்குள்ள தோடாய்ஜி ஆலயத்தின் மாபெரும் வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டில் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஏறத்தாழ 15 மீட்டர் உயரச் சிலை. அதன் மண்டபம் 1180இலும் 1567இலும் போர்த் தீயில் அழிந்தது. இரண்டாம் முறை எரிந்தபின் நூறாண்டுக்கு மேல் புத்தர் முறையான மண்டபம் இன்றியே இருந்தார். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. அகலத்தில் முன்னதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவ்வளவு பெரிய மரங்களும் கிடைக்கவில்லை, பணமும் போதவில்லை. தூண்களை அருகில் சென்று பார்த்தால், பல மரத் துண்டுகளை இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பது தெரியும். மான்களுக்கு பிஸ்கட் கொடுக்கும் அவசரத்தில் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

நாரா வட்டாரத்திலுள்ள ஹோர்யூஜி ஆலயத்தின் கதை வேறு. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் உள்ளன. அதன் பொன்மண்டபத்துச் சுவரோவியங்களை அறிஞர்கள் அஜந்தாவோடு ஒப்பிட்டார்கள். அவற்றைப் பிரதி எடுக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1949 ஜனவரி 26ஆம் தேதி, தீப்பிடித்து ஓவியங்கள் கருகின. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே கலாசாரச் சொத்துகளைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் ஜனவரி 26 அன்று நாடெங்கும் ஆலயங்களில் தீயணைப்புப் பயிற்சி நடைபெறுகிறது. பொன்மண்டபத்தில் இப்போது இருப்பவை 1960களின் பிற்பகுதியில் தீட்டிய பிரதிகள். கருகிய மூலச் சுவர்களை வீசிவிடாமல் தனிக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து மேற்கே அதிவேக ரயிலில் செல்லும் வழியில் ஹிமேஜி கோட்டை. 1945 ஜூலையில் நகரமே எரிந்தபோது கோட்டையின் உச்சி மாடியில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. நானூறு ஆண்டு பழமையான மரக் கோட்டை பிழைத்துக்கொண்டது.

ஹிரோஷிமாவில் நேர்மாறு. அங்குள்ள குவிமாடக் கட்டடம் 1915இல் கட்டிய பொருட்காட்சி மண்டபம். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அணுகுண்டு ஏறக்குறைய அதன் தலைக்கு மேலேயே வெடித்தது. இரும்புக் கூடும் இடிந்த சுவர்களும் மிஞ்சின. பார்க்கப் பார்க்க வேதனை, இடித்துவிடலாம் என்று உள்ளூர் மக்களிலேயே பலர் கருதினர். ஒரு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960இல் 16 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த மாணவி ஒருத்தி, அந்தக் கட்டடம்தான் அணுகுண்டின் கொடுமையை என்றும் சொல்லிக்கொண்டிருக்கும் என்ற கருத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தாள். அது சிறுவர்களைக் கையெழுத்து வேட்டையில் இறக்கியது. 1966இல் நகரமன்றம் கட்டடத்தைக் காப்பதென முடிவு செய்தது. எழுப்பவும் இல்லை, இடிக்கவும் இல்லை. விழாமல் மட்டும் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1996இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அன்று ஹிரோஷிமாவில் மலாயா மாணவர்களும் இருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். நிக் யூசோப் குண்டுவீச்சில் மாண்டார். அப்துல் ரசாக் உயிர் தப்பி, நாடு திரும்பி, பின்னாளில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார். ஜொகூரைச் சேர்ந்த சைட் ஓமார் தோழர்களோடு தோக்கியோவுக்குப் புறப்பட்டும், வழியில் உடல்நிலை மோசமாகி, செப்டம்பரில் கியோத்தோவில் இறந்தார்.

அவருடைய கல்லறை கியோத்தோவின் வடகிழக்கே என்கோஜி என்ற பௌத்த ஆலயத்தின் இடுகாட்டில், இஸ்லாமிய வடிவில் அமைந்திருக்கிறது. மேப்பிள் இலைகள் சிவக்கும் நவம்பரில் அந்த ஆலயத் தோட்டத்தில் கூட்டம் நிரம்பி வழியும். கல்லறையைக் காண விரும்புவோர் மற்ற மாதங்களில் செல்வது நல்லது.