கடைசி விலையைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் கூறி விற்கும்போது கடலுக்குப் போய் வந்தவர் தன் கடைசி விலையை மறைத்து வைப்பதில்லை. மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. வெயில் ஏற ஏற மீன் கெடும். ஐஸ் பெட்டி இல்லாதவர் "இந்த விலைக்குக் குடுக்கமாட்டன்" என்று திருப்பிக் கொண்டுபோக முடியாது. வாங்க வந்த நாலு பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் கூறும்போதும் அடிவிலை பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே காரணம் வேறு. கேட்பவர் பழத்துக்காகக் கேட்பதில்லை, கோயிலுக்காகக் கேட்கிறார். பொருளை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகக் கூடியவருக்குத்தான் கடைசி விலை என்ற பேச்சே வரும்.

தண்ணீரூற்றில் நான் நடத்தும் கொமினிகேசன் கடைக்கு இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. போட்டோக்கொப்பிக்கும் ரீலோடுக்கும் வந்தவர்கள் பழைய காசு, முத்திரை, வெண்கலச் செம்பு என்று படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கனடாவில் இருக்கும் மருமகனோ மச்சானோ தன் பேரில் ஈபே இணையத்தளத்தில் ஏலத்துக்குப் போடுவார். முள்ளியவளையிலிருந்து ஓர் ஆச்சி கொண்டுவந்தது 1957இல் புத்த ஜயந்திக்காக இலங்கை வெளியிட்ட ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு. "தம்பி, விலையைப் போடாதை. சனம் கேக்கட்டும். ஆனா என்ரை விலைக்குக் கீழ குடுத்திடாதை."

ஆச்சி சொன்னதுதான் ஈபேயில் நெடுநாளாக இருக்கும் ஒதுக்கு விலை. தொடக்க விலை எல்லோருக்கும் தெரியும். ஒதுக்கு விலை விற்பவருக்கு மட்டுமே தெரியும். கேட்ட தொகை அதைத் தொடாதவரை, இன்னும் எட்டவில்லை என்ற ஒரு குறிப்பு மட்டும் திரையில் நிற்கும். ஏலம் முடியும்போதும் தொடாவிட்டால் பொருளைக் கொடுக்கத் தேவையில்லை. இந்த வசதிக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

மறைப்பவர்கள் சொல்லும் நியாயம் சின்னதல்ல. ஒரு டொலரில் தொடங்கினால் கூட்டம் கூடும். ஒருமுறை கேட்டவருக்கு ரோசம் வந்து மேலே மேலே ஏறுவார். வாங்குபவர்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தாலும், எந்த விலையில் நிறுத்தினால் பொருள் கைக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. இந்த இரண்டாவது காரணம் எனக்குப் பிடிக்கும். கடற்கரையில் நிற்பவருக்கு இல்லாத கவசம் அது.

ஆனால் சின்னப் பொருட்களில் கணக்கு வேறு மாதிரி முடிகிறது. ரமா கட்கர், டேவிட் ரைலி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் போகிமொன் அட்டைகளை வாங்கி, ஒரே மாதிரியான 50 சோடிகளாகப் பிரித்து, ஈபேயிலேயே விற்றுப் பார்த்தார்கள். சோடியில் ஒன்றுக்கு விலை வெளியே தெரியும் தொடக்க விலையாக நின்றது. மற்றதற்கு அதே விலை மறைத்து வைக்கப்பட்டது. மறைத்தவை விற்றுப்போகும் வாய்ப்புக் குறைந்தது, எதிர்பார்க்கக்கூடிய விலையும் குறைந்தது. உண்மையில் வாங்க நினைத்தவர்களே ஒதுங்கிப் போயிருந்தார்கள்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முகநூலில் படத்தைப் போட்டுவிட்டு "விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ" என்று எழுதுபவர்களிடம் நான் எதையும் வாங்கியதில்லை. காசு கையில் இருப்பவருக்கு நேரமும் பெறுமதிதான். நாலு முறை கேட்டும் இன்னும் எட்டவில்லை என்றே திரை சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதைவிட மோசம், மச்சானையே கேட்க வைத்து விலையை ஏற்றுவது. ஈபே அதைத் தடைசெய்திருக்கிறது. அப்படிச் செய்யச் சொல்லி வருபவர்களை நானும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆச்சியின் காசுக்கு மறைப்பு வேண்டாம் என்றேன். அது 28.28 கிராம், அதில் 92.5 வீதம் வெள்ளி. உருக்கினால் என்ன வரும் என்பது வாங்குபவருக்கும் தெரியும். எல்லோரும் கணக்குப் போடக்கூடிய ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்? அன்றைய வெள்ளி விலையையே தொடக்க விலையாகப் போடச் சொன்னேன். ஆச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சம்மதித்தார். ஆனால் அவர் மடியிலிருந்து எடுத்த இன்னொரு பொருள், பழைய முத்திரைகளும் தபால் அடையாளங்களும் நிறைந்த கடித உறை. அதன் பெறுமதி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படிப்பட்டதற்கு மறைத்த விலை பொருந்தும், அதற்குமுன் முத்திரை சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினால்.

சொத்தபி, கிறிஸ்டி போன்ற பெரிய ஏல நிறுவனங்களும் ஓவியங்களுக்கு ஒதுக்கு விலையைச் சொல்வதில்லை. ஆனால் முழு இருட்டும் இல்லை. இந்த விலைக்கும் இந்த விலைக்கும் இடையில் போகலாம் என்று பட்டியலில் மதிப்பீடு அச்சிடுவார்கள்; ஒதுக்கு விலை அந்த மதிப்பீட்டின் கீழ் எல்லையைத் தாண்டாது. வாங்க வருபவருக்கு அந்தக் குறிப்புப் போதும். நம் கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, 2020 ஏப்ரலில் கொரோனாவால் கணினிக்கு மாறியது. அங்கேயும் தரகர்கள் தேயிலையைச் சுவைத்து மதிப்புப் போட்ட பிறகுதான் விற்பனை.

பொதுச் சொத்து என்றால் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை, விலையை வெளியே வைக்கவேண்டும். மறைத்தால் உள்ளே இருப்பவர் யாருக்காவது காதில் சொல்லிவிடுவார். ஆனால் வெளியே வைப்பதால் மட்டும் விலை சரியாகிவிடாது. 2012 நவம்பரில் இந்தியா கைபேசிச் சேவைக்கான அலைக்கற்றையை ஏலம் விட்டது. நாடு முழுவதற்குமான 5 மெகாஹேர்ட்ஸுக்கு அடிவிலை 14,000 கோடி ரூபாய். டெல்லியையும் மும்பையையும் கேட்க ஒருவரும் வரவில்லை. கிடைத்தது மொத்தம் ஏறத்தாழ 9,400 கோடி. 700 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை 2016இலும் போகவில்லை, 2021இலும் போகவில்லை. விலை வெளியே இருந்ததால் தவறு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்தது. அடிவிலையைக் குறைத்தார்கள், 2022இல் ஜியோ என்ற கைபேசி நிறுவனம் வாங்கிக்கொண்டது.