பூட்டிய பெட்டிக்கும் பெயர் வேண்டும்

நம் வீடுகளில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது வழக்கம். நாலு குடும்பம் கூடும் விசேஷத்தில் எந்தக் குடம் யாருடையது என்று குழம்பக் கூடாதல்லவா? கணினி வட்டுக்கும் அது தேவை என்பதைச் சாகணில் என் வாடகை வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

குடும்பப் படங்களையும் பெரியவர்களின் குரல் பதிவுகளையும் ஒரு வெளி வட்டில் சேர்த்து, லினக்ஸின் 'லக்ஸ்' முறையில் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருந்தேன். ஒரு நாள் புது வட்டு ஒன்றைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அதன் பெயர் 'எஸ்டிசி' என்று குறித்துக்கொண்டேன். இடையில் மின்சாரம் போய் வந்தது. கணினி மறுபடி எழுந்தபோது 'எஸ்டிசி' பழைய வட்டாகிவிட்டது. கவனிக்காமல் கட்டளை கொடுத்துவிட்டேன். சில நொடிகளில் நிறுத்தியும் பயனில்லை. பூட்டைத் திறக்கும் விவரம் வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அது அழிந்தால் கடவுச்சொல் தெரிந்தும் திறக்காது. படங்களின் நகல் தங்கையிடம் இருந்தது. அப்பாவின் குரல் அந்த வட்டில் மட்டுமே இருந்தது.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை உண்மையில் பெயர்களே அல்ல. வங்கி டோக்கன் போல, கணினி கண்டுகொண்ட வரிசையில் கிடைப்பவை. அடுத்த முறை வரிசை மாறலாம்.

மாறாதவை இரண்டு. முதலாவது, பூட்டும்போதே தானாக அமையும் 36 எழுத்து 'யூயூஐடி'. கணினி தொடங்கும்போதே திறக்க வேண்டிய வட்டுகளுக்குக் 'கிரிப்ட்டேப்' கோப்பில் இதை எழுதுவது நல்லது. இரண்டாவது, நாமே சூட்டும் லேபிள். பூட்டுக்குள் இருக்கும் கோப்பு முறைமையின் லேபிள் திறந்த பிறகே தெரியும். டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் குடத்தில் வெட்டிய பெயர் போல. பெட்டியின் வெளியே எழுத 'லக்ஸ் 2' வேண்டும். 2017 டிசம்பரில் வந்த 'கிரிப்ட்செட்டப் 2.0' அதைத் தந்தது. அந்த நிரலின் 'கான்ஃபிக்' கட்டளையில் லேபிளைக் கொடுத்தால் போதும். உள்ளே இருப்பதற்குச் சேதமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். வெளி லேபிளை யாரும் படிக்கலாம். 'வீட்டுப் பத்திரம்' என்று எழுதாதீர்கள். உள்ளும் வெளியும் ஒரே பெயர் வைத்தால் கணினி குழம்பும்.

இப்போது என் வட்டுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. தொடக்கப் பகுதியின் நகலைத் தனியே வைத்திருக்கிறேன். எதையும் அழிக்குமுன் லேபிளை வாய்விட்டுப் படிக்கிறேன். அம்மாவின் குரலை இரண்டு வட்டுகளில் பதிந்து, ஒன்றைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.