நூற்றியொன்றா? எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?

பாட்டியின் புறங்கை

குழந்தையின் உடம்பு சுடவில்லை என்று வீட்டுப் பெரியவர்களின் கை சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். சுடுகிறது என்று சொல்லும்போதுதான் அடிக்கடி தவறும். தொட்டுப் பார்ப்பதென்றால் வயிற்றையோ முதுகையோ தொடுங்கள். காய்ச்சல் ஏறும் நேரத்தில் கை கால் சில்லிட்டிருக்கும். அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

அக்குளே போதும்

ஐந்து வயதுக்குக் கீழே வாயில் தெர்மாமீட்டர் வேண்டாம், குழந்தை கடித்துவிடும். ஆசனவாயில் பார்ப்பது துல்லியம்தான், ஆனால் அதை மருத்துவமனைக்கு விட்டுவிடலாம். வீட்டுக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். குழந்தையை மடியில் வைத்து, அக்குள் வேர்வையைத் துடைத்து, நுனி குழிக்குள் தோலைத் தொடும்படி வையுங்கள். சட்டைத் துணி இடையில் மாட்டக் கூடாது. கையை மடக்கி உடம்போடு அணைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை பிடியுங்கள். குளிப்பாட்டிய கையோடு, கம்பளிக்குள்ளிருந்து எடுத்த கையோடு பார்க்காமல் கால் மணி நேரம் பொறுங்கள்.

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்குள் வந்த நெற்றித் 'துப்பாக்கி' அவசரத்துக்கு உதவும். நெற்றி வேர்த்திருந்தால் குறைத்துக் காட்டும். சந்தேகமிருந்தால் அக்குளில் பாருங்கள். பழைய பாதரசக் குழாயை இனி பயன்படுத்தாதீர்கள். உடைந்தால் குழந்தையை அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்து, துடைப்பம் போடாமல், கையால் தொடாமல், பாதரசத்தைக் கெட்டி அட்டையால் தள்ளி மூடியுள்ள டப்பாவில் சேருங்கள்.

கூட்டிச் சொல்லாதீர்கள்

ஆசனவாயில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் இருந்தால் காய்ச்சல். அக்குளில் அதைவிடக் குறைவாகவே காட்டும். அதைக் கேள்விப்பட்ட சிலர் தாங்களே ஒரு டிகிரி சேர்த்துவிடுகிறார்கள். டாக்டரும் தன் பங்குக்குச் சேர்த்தால் 100 என்பது 102 ஆகிவிடும்! கண்ட எண்ணை அப்படியே, பார்த்த இடம், நேரம், கடைசியாகப் பாராசிட்டமால் கொடுத்த மணி ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். அந்த மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு உள்ள மருந்து, சிரப்பில் உள்ளதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஒன்றின் அளவில் மற்றதை ஊற்றிவிடாதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 99.5 தொட்டாலே தாமதம் கூடாது. அந்த வயதில் 96-க்குக் கீழே இறங்குவதும் அதே அளவு ஆபத்து. எந்த வயதானாலும் பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சு வாங்குதல், வலிப்பு இவற்றில் ஒன்று தெரிந்தால் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.