கடல் கடந்த கட்டுமரம்

பண்டங்களோடு சொற்களும் கப்பலேறிப் பிறநாடு செல்லுதல் உலகியல்பு. அங்ஙனம் சென்ற தமிழ்ச் சொற்களுள், ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என வழங்கும் சொல்லின் வரலாறு நாம் அறிந்து இன்புறற்குரியது.

இச்சொல்லுக்குரிய பொருளை நெடுங்காலம் கண்ட கரைகளுள் இராயபுரமும் ஒன்று. மீன்பிடித் தொழிலரான பேதுரு அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரே இவ்வூர்க்கு அமைந்தது என்ப. இங்குள்ள மீனவர் எடை குறைந்த மரங்கள் சிலவற்றைச் செதுக்கிக் கயிற்றால் பிணித்துக் கடலிற் செலுத்தினர். அலை மேலேறி விழினும் நீர் இடுக்குகளின் வழியே ஒழுகிவிடுமாதலின் அஃது அமிழ்வதில்லை. கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர், மீண்டும் கட்டுவர். கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் இப்பெயருள் அடங்கியிருத்தல் அத்தொழிலுக்கு எத்துணைப் பொருத்தம்!

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பிற படகுகள் செல்ல அஞ்சும் அலைகளைக் கடந்து, ஓலைத் தொப்பியுள் கடிதங்களை நனையாது வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றோர் கட்டுமரக்காரரே. 1697-ல் வெளிவந்த தம் பிரயாண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையார் இம்மிதவையை இப்பெயரால் வழங்குதலைக் குறித்துள்ளார்.

பின்னர் இச்சொல் பொருள் திரிந்தது. 1804-ல் பிரெஞ்சுத் துறையாகிய புலோனைத் தாக்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளும் இப்பெயர் பெற்றன. சண்டையிடும் இயல்புடைய பெண்ணை ஏசும் சொல்லாகவும் இது வழங்கிற்று. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதன் முதலில் ஒலித்தலே அதற்குக் காரணம் போலும். 1876-ல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாப் இரண்டு உடற்பகுதிகள் கொண்ட பாய்ப்படகொன்றை அமைத்து நியூயார்க்குப் பந்தயத்தில் பிறரை வியப்பித்தார். அத்தகைய இரட்டைப் படகுக்கே இப்பெயர் இன்று உலகெங்கும் நிலைத்துள்ளது.

இங்கு நாம் ஒன்று தெளிதல் வேண்டும். இரட்டைப் படகு நம் கட்டுமரமன்று. பசிபிக் தீவினர் அவ்வகைக் கலத்தைத் தொன்றுதொட்டே அறிவர். பெயர் நம்முடையதாதலின் பொருளும் நம்முடையதே எனச் செருக்குறுதல் கல்விக்கு அழகன்று. நம் பெருமை வேறிடத்தது: கொந்தளிக்கும் அலையை ஆணியின்றிக் கயிற்றுக் கட்டொன்றால் வென்ற அறிவு அது.

அவ்வறிவோ அருகி வருகின்றது. விசைப்படகுகள் பெருகின, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் கரையெங்கும் பரவின. விரைவும் வசதியும் நாடும் மீனவரைக் குறை கூற யார்க்கும் உரிமையில்லை. ஆயின் மரத்தின் உறுப்புகளுக்கும், முடிச்சுகளுக்கும், காற்றுக்கும், நீரோட்டத்துக்கும் முதியோர் வழங்கும் பெயர்கள் அவரோடு மறைதல் தகாது. அயலார் நம் சொல்லொன்றைத் தம் அகராதியிற் காத்தனர். எஞ்சிய சொற்களைக் காத்தல் நம் கடன். மாணவர் ஏட்டுடன் அக்கரைக்குச் சென்று, அம்முதியோரை ஆசிரியராகக் கொண்டு கேட்டெழுதுவாராக.