வயலில் இறங்குமுன் கிழமைக்கு ஒரு தடவை: எலிக்காய்ச்சல் குளிசையைத் தெரிந்துகொள்வோம்

ஐப்பசி மழை விழுந்து வன்னியில் காலபோக விதைப்பு நெருங்கும்போது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து (எம்.ஓ.எச். ஒபீஸ்) ஒரு குளிசை ஊருக்குள் வரும். பெயர் டொக்சிசைக்கிளின். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கையில் தந்து, கிழமைக்கு ஒரு தடவை போடச் சொல்வார். வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் குளிசை?’ என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது? ஒருவகைப் பற்றீரியாக் கிருமியால். எலி மட்டுமல்ல, மாடு, எருமை, நாய் ஆகியவையும் இந்தக் கிருமியைச் சுமக்கும். அவற்றின் சிறுநீர் வயல் தண்ணீரிலும் சேற்றிலும் கலக்கிறது. அங்கே வெறுங்காலோடு நிற்கும்போது கிருமி காயம், கீறல், குதிக்கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். நெடுநேரம் தண்ணீரில் ஊறி மென்மையான தோலும் அதற்கு வழிவிடும். எலி கடித்தால்தான் வரும் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இது வேறு பகுதிகளின் வருத்தம் அல்லவா? 2008இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் என்று பதிவாகி, 200க்கு மேற்பட்டோர் இறந்தபோது பெரும்பங்கு வடக்குக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் 2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பிறகு, டிசம்பரில், யாழ்ப்பாணத்தில் என்னவென்று தெரியாத காய்ச்சலால் சில நாள்களுக்குள் குறைந்தது 7 பேர் இறந்தார்கள். பரிசோதனை சொன்ன பதில் எலிக்காய்ச்சல். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை நம்பி வயல் செய்கிற நாம் இதை அயலூர்ச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

இனிக் குளிசைக்கு வருவோம். டொக்சிசைக்கிளின் ஒரு அன்டிபயோட்டிக் (பற்றீரியாக் கிருமிகளை அழிக்கும் அல்லது பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து). வளர்ந்தவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு கிழமைக்கு 200 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டை ஒரே நேரத்தில் போட வேண்டும். வயலில் இறங்குவதற்கு ஒரு கிழமை முன்பே தொடங்கி, சேற்றில் வேலை இருக்கும் வரை ஒவ்வொரு கிழமையும் தொடர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை பி.எச்.ஐ.யிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை போட்டது ஏழு நாளும் உடம்பில் நிற்குமா? நிற்காது. சில நாள்களில் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பிறகு எப்படிக் காப்பாற்றுகிறது? கிருமி உடம்புக்குள் நுழைந்த உடனே காய்ச்சல் வராது. பெருகி வருத்தமாக வெளிப்பட பெரும்பாலும் 5 முதல் 14 நாள் எடுக்கும். அந்த இடைவெளிக்குள் அடுத்த கிழமைக் குளிசை போய்ச் சேர்ந்து, பெருகத் தொடங்கியதை அடக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு கிழமை போட்டு மறு கிழமை விட்டால் காப்பு ஓட்டையாகிவிடும். ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளி என்றால் ஒவ்வொரு வெள்ளியும். மறந்துபோனால் நினைவு வந்ததும் அந்த அளவை மட்டும் போடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா? பனாமாவில் காட்டுப் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கப் படையினரை வைத்துச் செய்த ஆய்வு 1984இல் வெளியானது. கிழமைக்கு 200 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஒருவருக்குத்தான் எலிக்காய்ச்சல் வந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு வந்தது. ஆனால் அவர்கள் சில கிழமைகள் மட்டும் அங்கே நின்ற இளைஞர்கள். நம் நிலைமைக்குக் கிட்ட வருவது அந்தமான் தீவு மக்களிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வு. அங்கே குளிசை கிருமி தொற்றுவதைத் தடுக்கவில்லை. வருத்தமாகப் படுத்தவர்களின் தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. பாதி என்பது சின்ன விடயமில்லை. ஆனால் முழுக் காப்பும் இல்லை. குளிசை போட்டவருக்கும் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதை மனதில் வையுங்கள்.

எப்படிப் போடுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு ஒரு மணித்தியாலமாவது படுக்காதீர்கள். இந்தக் குளிசை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். நெஞ்சு எரியும், விழுங்க நோகும். இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு போடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ‘குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பாதியில் விட்டவர்களில் பலருக்கு, போட்ட விதத்தை மாற்றியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கும்.

பால்தேத்தண்ணீரோடு விழுங்கலாமா? வேண்டாம். பாலில் உள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் குளிசை, நெஞ்செரிவுக்குச் சப்பும் குளிசை ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் நடுவில் 2, 3 மணித்தியாலம் இருக்கட்டும்.

கிளினிக் மருந்து எடுக்கிறவர்கள் போடலாமா? நீரிழிவுக்கு மெட்போமின், பிறஷருக்கு லொசாட்டன் எடுக்கிறவர்கள் பொதுவாகப் போடலாம். கிளினிக் மருந்தை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் எடுப்பவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும். வோர்பரினின் வேகத்தை இது கூட்டலாம். சில வலிப்பு மருந்துகள் இந்தக் குளிசையின் பலனைக் குறைக்கும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

யார் போடக் கூடாது? கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும். வளரும் பற்களிலும் எலும்பிலும் இது படியக்கூடும். பால் கொடுக்கும் தாய்மார் டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள். இவர்களுக்குத் தேவைப்பட்டால் வேறு மருந்து உண்டு. அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். முன்பு இந்தக் குளிசையால் உடம்பு தடித்து ஒவ்வாமை வந்தவர்களும் போடக் கூடாது. வீட்டில் ஒருவருக்குத் தந்ததை எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்காதீர்கள்.

போட்டபின் வயிற்றைப் பிரட்டுவது சிலருக்கு உண்டு. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறையும். தோல் வெயிலில் இலகுவாகச் சிவந்து எரியலாம். குளிசை போட்ட கிழமைகளில் நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போடுங்கள்.

குளிசை இருக்கிறதே என்று வேறு பாதுகாப்புகளை விட்டுவிடலாமா? பாதிக் காப்பு என்று மேலே சொன்னோமே. காயங்களைத் தண்ணீர் புகாதபடி மூடிக் கட்டுங்கள். முடிந்த வேலைக்குப் பூட்ஸ் போடுங்கள். ஆழச் சேற்றில் பூட்ஸோடு நடக்க முடியாது என்பது தெரிந்ததே. வேலை முடிந்ததும் சுத்தமான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். குளத்தில் மீன் பிடிப்பவர்களும், வாய்க்கால் துப்புரவாக்குபவர்களும், வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைப்பவர்களும் கமக்காரரைப் போலவே ஆபத்தில் இருக்கிறார்கள். தங்களுக்கும் குளிசை வேண்டுமா என்று அவர்களும் பி.எச்.ஐ.யைக் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் காய்ச்சல் வந்தால்? திடீரென்று கடுங்காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு, தொட்டாலே நோகும் கெண்டைக்கால், பீளை இல்லாமல் சிவந்த கண் ஆகியவை தொடக்க அடையாளங்கள். எல்லாம் ஒன்றாக வரவேண்டியதில்லை. வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு முட்டினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். சிறுநீரகமோ ஈரலோ நுரையீரலோ பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது.

டொக்டர் கேட்கும்வரை இருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: “டொக்டர், நான் போன கிழமை வயலுக்க இறங்கினனான்.” இந்த ஒரு வசனத்துக்குப் பெரிய பெறுமதி உண்டு. முதல் சில நாள்களில் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் தெரியாமல் போகலாம். அப்போது டொக்டர் உங்கள் வாயிலிருந்து வரும் தகவலை வைத்துத்தான் மருந்தைத் தொடங்குவார்.

அதுவரை காய்ச்சலுக்கு என்ன போடுவது? பரசிற்றமோல் (பனடோல்) மட்டும். வளர்ந்தவர் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் இதிலும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். டைக்குளோபினக், இபுபுறூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகிய வலிக் குளிசைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். எந்தக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. கிளினிக்கில் தினமும் அஸ்பிரின் தந்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கையில் மிச்சமிருக்கும் டொக்சிசைக்கிளின் இரண்டைப் போட்டுப் பார்க்கலாமா? கூடாது. தடுப்புக்கு உரிய அளவு வேறு, வைத்தியத்துக்கு உரிய அளவு வேறு. வருத்தம் வந்தவருக்குத் தினமும், பல நாள் மருந்து வேண்டும். கடுமையானால் ஊசி மருந்து வேண்டும். இரண்டு குளிசையால் காய்ச்சல் சற்றுத் தணிந்து, வைத்தியசாலைக்குப் போவது இரண்டு நாள் தள்ளிப்போனால் அந்த இரண்டு நாளே உயிரை எடுத்துவிடலாம்.

அரசாங்கம் தரும் இந்தத் தடுப்புக் குளிசைக்குக் காசு இல்லை. யாராவது வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று இருக்காமல், விதைநெல் ஒழுங்குபடுத்தும் கிழமையிலேயே உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடமோ எம்.ஓ.எச். பணிமனையிலோ போய்க் கேளுங்கள்.