சாம்பலுக்கடியில் ஒரு மாட்டுத் தொழு

கானாடுகாத்தான் பக்கத்து மாணவர்களுக்கு மஞ்சுவிரட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டிச் சிராவயலில் காளைகளைத் தொழுவிலிருந்து அவிழ்த்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டைத் தொழுவில் அடைக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் எவ்வளவு பழமையானது? இதற்கு விடை தந்தது சாம்பல்!

கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளிலும், அவற்றை அடுத்த ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளிலும் பெரிய சாம்பல் மேடுகள் பல உள்ளன. அரக்கர்களை எரித்த சாம்பல் என்று ஊரார் கதை சொன்னார்கள். எரிமலைச் சாம்பல் என்று எண்ணியவர்களும் உண்டு. எரிந்தது மாட்டுச் சாணமே என்று ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே கூறினார். 1960இல் வெளிவந்த சாய்னரின் ஆய்வு அதை உறுதி செய்தது.

சில மேடுகளில் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது. சாணத் தீயில் இது நடக்குமா? நடக்கும். புல்லின் விளிம்பு விரலை அறுக்கிறதல்லவா? அதற்குக் காரணமான சிலிக்கா சாணத்திலும் தங்குகிறது. தூய சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். சாம்பலிலுள்ள காரப் பொருள்கள் கலந்தாலோ, அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். கண்ணாடி செய்வோர் கையாளும் உத்தியும் இதுவே.

1957இல் ரேமண்ட் ஆல்சின் பழைய மகபூப்நகர் மாவட்டத்து ஊட்னூர் மேட்டை அகழ்ந்தார். தொழுவைச் சுற்றி மரக்கால்கள் நட்ட குழிகள் வரிசையாகத் தெரிந்தன. மாட்டின் குளம்படிகளே பதிந்து கிடந்தன! இதைவிட நேரான சாட்சி எது?

வயதை எப்படி அறிவது? உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் சிறிதளவு உண்டு. மரம் பட்டபின் அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எனவே ஒரு கரித்துண்டில் 100 பங்குக்கு 60 பங்கு மிஞ்சியிருந்தால், வயது சுமார் 4,200 ஆண்டு. நீங்களே மடக்கை வாய்பாட்டைக் கொண்டு சரிபார்க்கலாம். ஊட்னூர்த் தொழு 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது இம்முறையால் தெரிந்தது.

ஏன் எரித்தார்கள்? ஒருமுறை என்றால் தற்செயல் எனலாம். ஆனால் தொழு எரிவதும், அதே இடத்தில் மீண்டும் கட்டுவதுமாகப் பலமுறை நடந்திருக்கிறது. பருவ விழாக்களில் வேண்டுமென்றே மூட்டிய தீ என்று ஆல்சின் கருதினார். ஹோலி, பொங்கல் நாட்களின் தீயை ஒப்பிட்டார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

மாடு மட்டுமே அவர்கள் வாழ்க்கை அன்று. தீட்டிய கற்கோடரி ஏந்திய இப்புதிய கற்கால மக்கள் பயிரும் செய்தார்கள். தமிழகத்தில் இவர்களது காலத்து ஊர் ஒன்று பையம்பள்ளி. திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது; நம் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல, வடக்கே இருப்பது. 1964இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே கருகிய தானியங்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டை இன்றும் நம் வீட்டு அடுக்களையில் காணலாம்: கொள்ளு, பச்சைப்பயறு.