ஆபத்து நாயின் இனத்திலா, வளர்ப்பிலா?

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சில வாரங்களுக்கு முன் என் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் வலது கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். உருண்டுபோன பந்தை எடுக்கப் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குள் கையை நீட்டியிருக்கிறான். அந்த நாய் தினமும் குரைக்கும். அன்றும் குரைத்தது, கடித்தும் விட்டது.

"என்ன நாய்டா, ரோட்வைலரா?" என்றுதான் மற்ற மாணவர்கள் முதலில் கேட்டார்கள். "இல்லை, சாதாரண கம்போங் நாய்தான்" என்றான் அவன். வகுப்பில் பலருக்கு அது ஏமாற்றம். நாய் கடித்த செய்தி வந்தால் நாமும் இதே கேள்வியைத்தானே முதலில் கேட்கிறோம்? அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

பட்டியலில் உள்ள நாய்கள்

நம் நாட்டுக் கால்நடை சேவைத் துறை சில இன நாய்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதித்துள்ளது. பிட்புல் வகைகள், அமெரிக்கன் புல்டாக், ஜப்பானிய தோசா, அகிதா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகியவை அவை. ரோட்வைலர், டோபர்மன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் டெரியர், புல் மாஸ்டிஃப் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்கள்.

இந்தப் பட்டியலுக்குக் காரணம் இருக்கிறது. 2012-இல் சுபாங் ஜெயாவில் உடற்பயிற்சிக்காக வெளியே சென்ற முதியவர் ஒருவர் பிட்புல் நாய் கடித்துக் குதறியதில் உயிரிழந்தார். பத்துக் கிலோ நாய் கடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். நாற்பது கிலோ நாய் கடித்தால் உயிரே போகலாம். நாயின் எடையும் தாடைத் தசையும் கூடக் கூட, நாம் செய்யும் தவற்றின் விலையும் கூடுகிறது. ஆக, இனம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிட்புல்லின் தாடை பூட்டுப்போல் மாட்டிக்கொள்ளும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படியொரு பூட்டு அமைப்பு எந்த நாயின் தாடையிலும் இல்லை.

இனம் எவ்வளவு சொல்கிறது?

2022-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்தார்கள். ஏறத்தாழ 2,000 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே காணப்படும் குண வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. இனம் உடல் தோற்றத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. எதிரில் நிற்கும் அந்த ஒரு நாயின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது.

அப்படியானால் மிச்சத்தை எது சொல்கிறது? அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து நேர்ந்த 256 மரணங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 87 விழுக்காட்டுச் சம்பவங்களில் ஓடிவந்து தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லை. 84 விழுக்காட்டில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 விழுக்காட்டில் அந்த நாய் குடும்பத்தோடு ஒட்டி உறவாடாமல், சங்கிலியிலோ வேலிக்குள்ளோ தனியாக வைக்கப்பட்டிருந்தது. ஐந்தில் நான்கு சம்பவங்களில் இத்தகைய காரணங்கள் குறைந்தது நான்கு ஒன்றுசேர்ந்திருந்தன. இவை பெரும்பாலும் உரிமையாளரின் கையில் இருப்பவை.

கேட் கற்றுத்தரும் பாடம்

தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தில் நம் நாய்கள் அவிழ்த்துவிட்டபடி திரிந்தன. போகிற வருகிற எல்லாரையும் முகர்ந்து பழகின. தாமான் வரிசை வீட்டுக்கு வந்த பிறகு, திருட்டுப் பயத்தால் நாய் வளர்க்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு சங்கிலி, ஒரு தண்ணீர்ப் பாத்திரம். "காவலுக்குத்தானே, யாரிடமும் பழகக் கூடாது" என்கிறோம். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். காலை பத்து மணிக்குத் தபால்காரர் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான். ஆனால் நாய்க்கு அது தெரியாது. 'நான் குரைத்தேன், அவன் ஓடிவிட்டான்' என்பதே அது கற்கும் பாடம். மதியம் உணவு கொண்டுவரும் இளைஞர், மாலை பள்ளிப் பிள்ளைகள் என ஒரு நாளில் பத்து முறை அதே பாடம். விரும்பாத ஒன்று விலகிப்போவதால் ஒரு செயல் வலுப்பெறுவதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பயிற்சி பெற்ற நாய், ஒருநாள் கேட் சரியாகப் பூட்டப்படாதபோது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

சங்கிலி இன்னொரு வழியையும் அடைக்கிறது. பயந்த விலங்குக்கு இரண்டே வழி: ஓடுவது அல்லது எதிர்ப்பது. கட்டிப்போட்ட நாயால் ஓட முடியாது.

நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பல்லாண்டு ஆராய்ந்து காட்டினார்கள். அந்த வாரங்களில் குழந்தைகள், முதியவர்கள், தலைக்கவசம் அணிந்தவர்கள், மோட்டார் சத்தம் எல்லாம் பழகிய குட்டி, பின்னாளில் அவற்றைக் கண்டு மிரளாது. அந்தப் பருவத்தைச் சங்கிலியில் கழித்த குட்டிக்கு ஒவ்வொரு புதியவரும் எதிரிதான்.

வாலாட்டினால் நட்பா?

கடிக்கும் முன் பெரும்பாலான நாய்கள் எச்சரிக்கின்றன. நமக்குத்தான் படிக்கத் தெரிவதில்லை. உடல் விறைத்து அசையாமல் நிற்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, இவை எல்லாம் 'விலகிப் போ' என்பதற்கான சைகைகள். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். அடித்தால் அது உறுமுவதை நிறுத்திவிட்டு, எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

வாலாட்டும் நாய் எல்லாம் நட்பான நாய் அல்ல. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், எஜமானரைக் கண்ட நாயின் வால் அதிகமாக வலப்பக்கமும், பழக்கமில்லாத முரட்டு நாயைக் கண்டபோது அதிகமாக இடப்பக்கமும் ஆடுவதைக் கண்டறிந்தார்கள். வால் சொல்வது நாயின் மனக்கிளர்ச்சியை; அது மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தடை மட்டும் போதுமா?

பிரிட்டன் 1991-இல் நான்கு இனங்களைத் தடை செய்தது. ஆனாலும் தாக்குதல்கள் நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டு இறுதியில் எக்ஸ்.எல். புல்லி என்ற வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக, டில்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் அவிழ்த்துவிடப்பட்டிருந்த இரண்டு ரோட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. ஒரு கயிறும் வாய்க்கவசமும் இருந்திருந்தால் அந்தக் குழந்தை தப்பியிருப்பாள்.

சிங்கப்பூர் வேறு விதமாகச் செய்கிறது. ஆபத்தான இனம் என வகைப்படுத்திய நாயை வைத்திருப்பவர் அதற்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும், வெளியே கொண்டுபோகும்போது வாய்க்கவசம் போட வேண்டும். நாய்க்கு விதித்த கட்டுப்பாடுகளாகத் தெரிந்தாலும் இவை உண்மையில் மனிதனுக்கு விதித்த கடமைகள்.

நம் கடமை என்ன?

பெட்டாலிங் ஜெயாவில் நாய் வளர்க்க, 2007-ஆம் ஆண்டு துணைச்சட்டத்தின்படி மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும். நாயால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்தும் கவனிக்காமல் விட்டால், குற்றவியல் சட்டத்தின் 289-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அந்தப் பிரிவில் நாயின் இனம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. கம்போங் நாய்க்கும் அது பொருந்தும்.

நீங்கள் நாய் வளர்ப்பவரா? இன்று மாலை இவற்றைப் பாருங்கள். கேட்டின் கம்பிகளுக்கு இடையே ஒரு குழந்தையின் கை நுழையுமா? நுழைந்தால் வலை அடியுங்கள். தாழ்ப்பாள் தானாக விழுமா? நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆயிற்றா? தினமும் அரை மணி நேரம் கயிற்றோடு நடக்க அழைத்துப் போகிறீர்களா? பலமான நாயானால் கயிற்றைப் பிடிப்பவருக்கு அதை இழுத்து நிறுத்தும் வலிமை உண்டா? வழியில் முஸ்லிம் அண்டை வீட்டார் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கி நில்லுங்கள். சிறு குழந்தையை எந்த நாயுடனும் தனியே விடாதீர்கள், அது பத்து வருடம் பழகிய நாயாக இருந்தாலும்.

நாய் வளர்க்காதவரா? தெரியாத நாய் நெருங்கினால் ஓடாதீர்கள். மரம்போல் நின்று, கண்ணைப் பார்க்காமல் மெல்ல விலகுங்கள்.

கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியது. சரவாக்கில் பலர் இறந்தார்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. தடுப்பூசியை உடனே போட்டுக்கொண்டால் பிழைக்கலாம்.

என் மாணவனின் கை ஆறிவிட்டது. அந்த வீட்டுக்காரர் கேட்டின் கீழ்ப்பாதிக்குக் கம்பிவலை அடித்துவிட்டார். மாலையில் நாயைக் கயிறு கட்டி நடக்கவும் அழைத்துப் போகிறார். அது இப்போதும் குரைக்கத்தான் செய்கிறது. ஆனால் என் மாணவனைக் கண்டால் மட்டும் முதலில் முகர்ந்து பார்க்கிறதாம்.